இசையைப் பதியப் போய் பைட்டுகளோடு மல்லுக்கு நின்ற கதை

நான் அமைத்த நான்கு நிமிட இசைக்கோவை ஒன்றுக்குப் பதிப்புரிமைச் சான்றிதழ் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின்படி படைப்பு உருவானாலே உரிமையும் வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. ஆனால் தங்கள் குறும்படத்துக்கு அந்த இசையைக் கேட்டவர்கள், கையில் ஒரு சான்று இருந்தால் ஒப்பந்தம் போட வசதி என்றார்கள். அதனால் அரசுத் தளத்தில் விண்ணப்பித்தேன்.

கணக்குத் தொடங்கியது, ஓடிபி வந்தது, கட்டணம் கட்டியது எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. ஒலிக்கோப்பைப் பதிவேற்றும் பக்கத்தில்தான் தலைவலி ஆரம்பித்தது.

‘வேவ் அல்லது எம்பி3, அதிகபட்சம் 10 எம்பி’ என்று அங்கே எழுதியிருந்தது. இதை எழுதியவர், ஒலியைச் சுருக்காமல் அப்படியே வைக்கும் வேவ் கோப்பு ஒன்றைக்கூடப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், ஸ்டீரியோ என்ற சிடி தரத்தில் ஒரு நிமிட ஒலியே 10 எம்பியைத் தாண்டிவிடும். எந்த முழுப் பாட்டும் அதில் அடங்காது. ஆகவே வேவை மறந்துவிடுங்கள். நொடிக்கு 192 கிலோபிட் என்ற பிட் ரேட்டில், ஒலியைச் சுருக்கிவைக்கும் எம்பி3 ஆக மாற்றினால் நான்கு நிமிட இசை 6 எம்பிக்குள் வந்துவிடும். கேட்டு அடையாளம் காண அந்தத் தரம் தாராளமாகப் போதும்.

மாற்றிப் போட்டேன். ‘கோப்பு வகை செல்லாது’ என்று சிவப்பு எழுத்தில் வந்தது. வேறு மென்பொருளில் மாற்றிப் போட்டாலும், பிட் ரேட்டைக் குறைத்தாலும் அதே செய்திதான். உதவி எண்ணில் பேசியவர், “பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பான கேஷை அழித்துவிட்டு வேறு பிரவுசரில் முயன்று பாருங்கள் சார்” என்றார். கோப்பைப் பற்றி நான் சொன்னதை அவர் குறித்துக்கொண்டதாகவே தெரியவில்லை.

பிறகு, தளம் கட்டுபவர்கள் பிழை பார்க்கப் பயன்படுத்தும் டெவலப்பர் டூல்ஸைப் பிரவுசரில் திறந்து, நெட்வொர்க் பகுதியில் சர்வர் உண்மையில் என்ன பதில் அனுப்புகிறது என்று பார்த்தேன். பதிலின் நிலை எண் 200, அதாவது ‘எல்லாம் சரி’. ஆனால் உள்ளே இருந்த செய்தி வேறு: கோப்பின் பெயர் செல்லாது. வகை அல்ல, பெயர்! கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தேன். சர்வர் சரியான காரணத்தைச் சொல்லியும், எந்தப் பிழை வந்தாலும் ஒரே வாக்கியத்தைக் காட்டும்படி அந்தப் பக்கத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். பெயரை ஆங்கில எழுத்துகளுக்கு மாற்றியதும் மறுபேச்சில்லாமல் ஏறியது. இணையதளம் கட்டுவது என் தொழில் என்பதால் இதைக் கண்டுபிடித்தேன். பாடகரோ நாதஸ்வரக் கலைஞரோ இந்த இடத்தில் என்ன செய்வார்? விண்ணப்பத்தையே கைவிட்டிருப்பார். அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

இதற்கிடையே இன்னொரு தொல்லை. கோப்பு ஏறும் நேரத்தைத் தளம் ‘சும்மா இருக்கும் நேரம்’ என்று கணக்கிடுகிறது. பதிவேற்றம் முடிவதற்குள் எச்சரிக்கை ஏதுமின்றி உள்நுழைவுப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. நிரப்பியதெல்லாம் போயிற்று. நேரம் முடியும் முன் எச்சரித்து, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 நொடியாவது தருவது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்துவதற்காக வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டுதலில் சொல்லப்பட்டுள்ள வழிகளில் ஒன்று. செய்வதும் கடினமான வேலை அல்ல. எல்லா விவரங்களையும் முதலில் தனிக்கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு பிறகு ஒட்டுங்கள்.

சமர்ப்பித்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தபோது ஒப்புகைச் சீட்டு வந்தது. என் இசையின் தலைப்பு ‘மழை நின்ற பிறகான மாலை’. சீட்டில் ‘மழை நின்ற பிறகான ம’ என்று இருந்தது. அந்த ‘ம’வுக்குப் பின்னால் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

பார்த்தவுடன் காரணம் புரிந்துவிட்டது. தலைப்புக்கு 50 எழுத்து வரம்பு. எழுத்துக்கும் அதன் துணைக்குறிக்கும் தனித்தனியே எண் தரும் யூனிகோடு முறையின் குறியீடுகளைப் பிரவுசர் எண்ணுகிறது. அந்தக் கணக்கில் என் தலைப்பு, இடைவெளிகளையும் சேர்த்து, 21தான். பின்னால் இருக்கும் தரவுத்தளமோ பைட்டுகளை, அதாவது கணினிச் சேமிப்பின் அடிப்படை அலகுகளை, எண்ணுகிறது. குறியீடுகளைப் பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், இடைவெளிக்கு 1 பைட். ‘மா’ என்பது ‘ம’வும் துணைக்காலுமாக இரண்டு குறியீடுகள், 6 பைட். மொத்தம் 57. ஐம்பதாவது பைட் அந்தத் துணைக்காலின் நடுவில் விழ, தளம் அங்கேயே வெட்டிவிட்டது. நம் மொழியில் சற்றே நீளமாகத் தலைப்பு வைக்கிற யாருக்கும் இது நடக்கும்.

தலைப்பைத் திருத்தத் தனி விண்ணப்பமும் தனிக் கட்டணமும் வேண்டும் என்று பதில் வந்தது. அவர்கள் தளம் வெட்டியதற்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்? மறுத்துக் கடிதம் எழுதினேன். சமர்ப்பிப்பதற்கு முந்தைய பக்கத்தில் முழுத் தலைப்பும் தெரியும் படம், ஒப்புகைச் சீட்டு, மேலே சொன்ன பைட் கணக்கு மூன்றையும் இணைத்தேன். இந்த முந்தைய பக்கத்தைப் படமெடுத்து வைக்கும் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. நீங்களும் மறக்காமல் செய்யுங்கள். நெட்வொர்க் பதிவை முழுவதுமாக ஹார் கோப்பாகச் சேமித்து அனுப்பலாமே என்று தோன்றும். அனுப்பாதீர்கள். நீங்கள் உள்நுழைந்திருப்பதைத் தளத்துக்கு அடையாளம் காட்டும் குக்கீகளும் அதில் இருக்கக்கூடும். அமர்வு உயிரோடு இருந்தால் அதை வைத்தே யாரும் உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிடலாம். தேவையான பதிலை மட்டும் நகலெடுத்து அனுப்புங்கள்.

கடிதம் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கிருந்து ஒருவர் அழைத்துப் பொறுமையாகக் கேட்டார். தவறு தங்களுடையதுதான், கட்டணம் வேண்டாம், தலைப்புக்கான இடத்தையும் பெரிதாக்கிவிட்டோம் என்றார். அவருக்கு மனமார நன்றி சொன்னேன். சான்றிதழில் ‘மாலை’ முழுதாக, கடைசி ‘லை’யோடு அச்சாகியிருக்கிறது.

கோப்புப் பெயர்ச் சிக்கல் மட்டும் இன்னும் தீரவில்லை. அதையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். சரியாகும்வரை பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வையுங்கள், இடைவெளிகூட விடாதீர்கள்.