'தமிழ்'னு போட்டு லென் கேட்டா ஏன் 5 வருது?

புதுசா பைத்தான் கத்துக்கிற தம்பி தங்கச்சிங்க எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி இது. மூணு எழுத்துதானேண்ணா, நீளம் எண்ற லென் ஃபங்ஷன் 5னு சொல்லுதே, என் கோட்ல தப்பான்னு.

தப்பு எங்கயும் இல்லப்பா. எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்குற யூனிகோட்ல த ஒண்ணு, ம ஒண்ணு, மி-ல வர்ற இகரக் குறி தனியா ஒண்ணு, ழ ஒண்ணு, புள்ளி தனியா ஒண்ணு, ஆக 5. லென் எண்றது எழுத்தை இல்ல, யூனிகோட் நம்பர் குடுத்த இந்த ஒவ்வொரு துண்டையும்தான், அதுக்குப் பேர் கோட் பாயிண்ட். அதையே ஃபைல்ல சேமிக்கிற யூடிஎஃப்-8 வடிவத்துக்கு மாத்தி பைட்டை எண்ணினா 15 வரும், ஒவ்வொண்ணுக்கும் 3 பைட்.

எண்ணிக்கை போகட்டும், ஸ்ட்ரிங்கை ரிவர்ஸ் பண்ண எல்லாரும் சொல்ற அந்த மைனஸ் 1 ஸ்லைஸை ([::-1]) இதுல போட்டுப் பாருங்க, புள்ளி முன்னாடி வந்து அந்தரத்துல நிக்கும், இகரம் ம-வை விட்டுட்டு ழ-வோட ஒட்டி 'ழிமத'ன்னு ஆயிடும். இங்கிலீஷுக்கு எழுதின பதிலை அப்படியே காப்பி பண்ணா நம்ம எழுத்து உடையுது, எனக்கு இது நிஜமாவே வலிக்கும். வழி சுலபம்தான். பைத்தானோட வர்ற, டெக்ஸ்ட்ல பேட்டர்ன் தேடுற ஆர்ஈ (re) இல்லாம, பிப் போட்டு இன்ஸ்டால் பண்ற ரீஜெக்ஸ்னு (regex) தனி மாட்யூல் இருக்கு, அதுல பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் (\X) போட்டு ஃபைண்ட்ஆல் பண்ணா த, மி, ழ்னு மூணா பிரிச்சுக் குடுக்கும், அந்த லிஸ்ட்டைத் திருப்பிக்கலாம். தமிழுக்குன்னு இருக்குற ஓப்பன்-தமிழ் பைத்தான் லைப்ரரியில கெட் லெட்டர்ஸ்னு ஒரு ஃபங்ஷனும் இதுக்குன்னே இருக்கு. பழைய ஆர்ஈல பேக்ஸ்லாஷ் சின்ன டபிள்யூ பிளஸ் (\w+) போட்டு வார்த்தை பிரிக்கவே பிரிக்காதீங்க, 'தம', 'ழ'ன்னு ரெண்டு துண்டு வரும், குறியும் புள்ளியும் காணாமப் போயிடும்.

என்னை ரொம்ப அலைய விட்டது வேற ஒண்ணு. ஒரு பேர் லிஸ்ட்ல 'கோமதி'ன்னு தேடுறேன், கண்ணு முன்னாடி பேர் இருக்கு, ரெண்டு ஈக்வல் போட்டா ஃபால்ஸ்னு வருது, ஸ்பேஸ் இருக்கோன்னு ஸ்ட்ரிப் பண்ணிப் பாத்தேன், அப்பவும் ஃபால்ஸ், ரெண்டு ராத்திரி இதுலயே போச்சு. கடைசியில கோட் பாயிண்ட்டை ஒவ்வொண்ணா பிரிண்ட் பண்ணப்பதான் புரிஞ்சுது. ஓகாரக் குறியை ஒரே கோடாவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பு பிளஸ் துணைக்கால்னு ரெண்டாவும் வைக்கலாம், ஸ்கிரீன்ல ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுபோலவே தெரியும். ஒகரம், ஔகாரத்துக்கும் இதே கதைதான். யூனிகோட்டேட்டா மாட்யூல்ல நார்மலைஸ்னு இருக்கு, அதுல பிரிஞ்சு கிடக்குறதை ஒரே கோடா சேக்குற என்எஃப்சின்னு (NFC) குடுத்து ரெண்டு பக்கத்தையும் மாத்திட்டு கம்பேர் பண்ணுங்க. டேட்டாபேஸ்ல போடும்போதே மாத்திட்டா இன்னும் நல்லது.

சிஎஸ்வியை எக்செல்ல திறந்தா கன்னாபின்னான்னு தெரியுதுன்னு கேக்குறவங்க, சேவ் பண்றப்ப என்கோடிங் யூடிஎஃப்-8-சிக்னு (utf-8-sig) குடுங்க, சரியாயிடும்.

வார்த்தைகளை அகர வரிசையில அடுக்குற சார்ட் பத்தியும் சிலர் கேக்குறாங்க. பைத்தானோட சார்ட்டட் ஃபங்ஷனை சும்மா போட்டா 'அகம்' முன்னாடி வரும், 'அக்கா' பின்னாடி போயிடும், நம்ம அகராதியில க் வந்த பிறகுதான் க. ன, ற, ழ, ள எல்லாமும் யூனிகோட்ல நம்ம வரிசையில இல்ல, ந-வுக்கு அடுத்தே ன நிக்குது. நான் செய்றது, 247 எழுத்தையும் அகராதி வரிசையில ஒரு லிஸ்ட்டா வச்சுக்கிட்டு, வார்த்தையை எழுத்தா பிரிச்சு அந்த லிஸ்ட்ல ஒவ்வொண்ணும் எத்தனாவது இடம்னு இண்டெக்ஸை எடுத்து, அதை வச்சே அடுக்கச் சொல்லி சார்ட்டுக்கு கீயா (key) குடுத்துடுவேன். ஜ, ஷ, ஸ, ஹ வர்ற பேர் இருந்தா அதையும் லிஸ்ட்டோட கடைசியில சேத்துக்கோங்க, இல்லன்னா எரர் அடிக்கும்.