மேசை மேல் இருந்த ஒரு மீட்டர்

தொலைவில் இருக்கும் அணுக்கடிகாரங்களை ஒப்பிடுவதற்காக, ஃபைபர் வழியாக லேசரின் அதிர்வெண்ணை அனுப்பும் வேலைக்கு வந்த புதிதில், கண்ணாடி இழையை ஒரு குழாய் மாதிரிதான் நினைத்திருந்தேன். இந்தப் பக்கம் விட்டது அந்தப் பக்கம் அப்படியே வரும். தரவு அனுப்புபவர்களுக்கு அது போதும், எங்களுக்குப் போதாது. மேலே லாரி போனால் இழை நடுங்கும், வெயில் ஏறினால் நீளும். வெப்பநிலை 1 டிகிரி மாறினால், ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒளி எடுக்கும் நேரம் ஏறக்குறைய 37 பிக்கோநொடி (ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிக்கோநொடி) மாறுகிறது. 100 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால், நாங்கள் அனுப்பும் 1542 நானோமீட்டர் ஒளியில் ஏழு லட்சம் அலைகள்! அணுக்கடிகாரங்களை ஒப்பிட வேண்டுமானால் ஓர் அலைகூட எண்ணிக்கையில் தவறக் கூடாது.

இதற்கான வழியை 1994-லேயே லேசர் இயற்பியலாளர்கள் ஜான் ஹால், ஜுன் யே ஆகியோர் இருந்த குழு காட்டிவிட்டது. மறுமுனையில் கண்ணாடி வைத்து, ஒளியில் கொஞ்சத்தை அதே இழையில் திருப்பி அனுப்ப வேண்டும். போய்வந்த ஒளியில் இழையின் கலக்கம் இரண்டு மடங்காக இருக்கும். அதை, அனுப்பும் முன் இங்கேயே பிரித்து வைத்துக்கொண்ட ஒளியோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தில் பாதியை அனுப்பும் ஒளியிலேயே கழித்துவிட்டால் மறுமுனைக்குத் தூய அலை போய்ச் சேரும். 100 கிலோமீட்டர் போய்வர ஒரு மில்லிநொடி ஆவதால், அதைவிட வேகமான நடுக்கத்தை மட்டும் அடக்க முடியாது.

எங்கள் இணைப்பு ஓடத் தொடங்கியதும், மறுமுனை ஒளியை இன்னோர் இழையில் எங்கள் அறைக்கே கொண்டுவந்து சோதித்தோம். திரும்பிவந்த ஒளியின் அதிர்வெண் வரைபடத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மெதுவான ஓர் அலை எழுந்து விழுந்தது. வாரக்கணக்கில் வெளியேதான் தேடினோம். வெயில் படும் பாலம், வழியில் ஒளியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், அழுக்கான கனெக்டர் என்று ஒன்று விடவில்லை. கனெக்டரைத் துடைப்பதில் அப்போது வந்த பொறுமை இன்றும் போகவில்லை. ஒரு தூசு திருப்பிவிடும் ஒளியே போதும், இரு திசையிலும் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் தானே லேசர் போலக் கத்தத் தொடங்கிவிடும்.

கடைசியில் மூத்த சக பணியாளர்தான் சொன்னார்: "வெளியே தேடினது போதும்ப்பா. ஒளி பிரியற இடத்தைப் பாரு."

அங்கே, ஒப்பிடுவதற்காகப் பிரித்து வைத்த ஒளி போகும் ஒரு மீட்டர் இழை மேசை மேல் சுருண்டு கிடந்தது. நேர் மேலே ஏசி. அது 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி நிற்க, அறையின் வெப்பம் சுமார் 1 டிகிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டேன். அதிர்வெண்ணில் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு பிழை. நல்ல கடிகாரங்கள் அதைவிட நூறு மடங்கு நுட்பமானவை. 100 கிலோமீட்டரின் கலக்கத்தைத் திருத்தும் ஏற்பாட்டுக்கு இந்த ஒரு மீட்டர்தான் அளவுகோல். அது நீண்டால் அந்த ஏற்பாடு, வெளியே இருக்கும் இழை மாறிவிட்டதாக எடுத்துக்கொண்டு, நல்ல ஒளியையும் சேர்த்துத் 'திருத்தி' அனுப்பிவிடும்.

அந்த இழையைச் சில சென்டிமீட்டர் மட்டும் இருக்கும்படி வெட்டி ஒட்டி, கனமான அலுமினியப் பெட்டிக்குள் வைத்தோம். அலை போய்விட்டது.

பாரிசிலும் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைகிலும் இருந்த ஸ்ட்ரான்சியம் அணுக்கடிகாரங்களை 1,415 கிலோமீட்டர் ஃபைபரால் ஒப்பிட்ட கட்டுரை 2016-ல் வந்தது. முன்பு அதில் தூரத்தைப் பார்த்துத்தான் வியந்தேன். இப்போது இரு முனைகளிலும் அந்தச் சின்ன இழைகளை எப்படிப் பாதுகாத்திருப்பார்கள் என்றுதான் மனம் போகிறது. புதிதாக வேலைக்கு வருபவர்களிடம், திருத்தத்துக்குள் வராத இழைகளை மட்டும் முதலில் சிவப்பில் வரையச் சொல்கிறேன், ஒவ்வொன்றின் நீளத்தையும் கையால் அளந்து எழுதி.