ஆவணங்களைத் திருத்திக்கொண்டே சிகேஏ தேறிய கதை

குபர்நெட்டிஸ் நிர்வாகிகளுக்கான சான்றிதழ்த் தேர்வுதான் சிகேஏ. பல கணினிகளில் கன்டெய்னர்களாக ஓடும் செயலிகளை நிர்வகிக்கும் மென்பொருள் குபர்நெட்டிஸ். முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். இனி தெம்பாகப் பேசலாம்.

தேர்வின் அமைப்பு உங்களுக்குத் தெரியும்: 2 மணி நேரம், தேற 66 விழுக்காடு, குபர்நெட்டிஸ் ஆவணத் தளத்தைத் திறந்து வைத்துக்கொள்ள அனுமதி. எல்லோரும் அந்த ஆவணத்தில் வேகமாகத் தேடப் பழகுகிறார்கள். நான் அதைப் பராமரிக்கும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். தேறியதற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்வேன். வீடியோ பார்த்துத் தேறியவர்கள் மறுத்தால் மறுக்கட்டும். எனக்கு வீடியோ ஓடினால் தூக்கம் வந்துவிடும்.

செய்வது இவ்வளவுதான். செய்முறைப் பக்கங்களில் ஒன்றை எடுத்து, சிறிய கிளஸ்டர் (குபர்நெட்டிஸ் ஓடும் கணினிகளின் தொகுப்பு) ஒன்றில் முதல் கட்டளை தொடங்கிக் கடைசிக் கட்டளை வரை அப்படியே இயக்க வேண்டும். எங்காவது இடறினால் பிழை நம்முடையதா, பக்கத்தினுடையதா என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிப்பதற்குள் பாடம் மனதில் ஏறிவிடும். பக்கத்தினுடையது என்றால் திருத்தி அனுப்பலாம். உரை முழுவதும் மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு வடிவம்தான். பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடாமல் எதுவும் உள்ளே போகாது, அதை முதலில் முடித்துவிடுங்கள்.

இந்த வேலையில் எனக்குக் கிடைத்த புதையல் ஒன்று உண்டு. ஏபிஐ பக்கங்களில் (குபர்நெட்டிஸுக்கு நாம் எழுதித் தரும் அமைப்புகளின் வடிவத்தை விவரிப்பவை) ஒரு புலத்தின் விளக்கம் குழப்பமாக இருந்தால், அதைத் தளத்தில் திருத்திப் பயனில்லை. அந்தப் பக்கங்களை யாரும் கையால் எழுதுவதில்லை. குபர்நெட்டிஸின் கோ மொழி மூலநிரலில் அந்தப் புலத்துக்கு மேலே உள்ள குறிப்புரை, ஏபிஐயை விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ வரையறைக்குள் போகிறது. அதிலிருந்து பக்கம் உருவாகிறது. புலங்களை விளக்கும் ‘கியூப்சிடிஎல் எக்ஸ்பிளைன்’ கட்டளை திரையில் காட்டுவதும் அதே குறிப்புரையைத்தான்! இது புரிந்த பிறகு புலங்களின் பெயருக்காக நான் உலாவியைத் தொடவே இல்லை.

வெளியிலிருந்து வரும் இணையக் கோரிக்கைகளை உள்ளே இருக்கும் சர்வீஸ்களுக்கு (செயலிகளை அடையும் முகவரிகள்) அனுப்பும் இன்கிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் வந்த 1.22 பதிப்பில் அதன் பழைய பீட்டா ஏபிஐகளை நீக்கிவிட்டார்கள். சர்வீஸின் பெயர் ஓர் அடுக்கு உள்ளே போனது, பாதையை எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் பாத்டைப் புலம் கட்டாயமானது. பழைய கட்டுரைகளில் இன்னும் பழைய வடிவம்தான் கிடக்கிறது. நகலெடுத்து ஒட்டினால் கிளஸ்டர் ஏற்காது. எக்ஸ்பிளைனோ எதிரில் இருக்கும் கிளஸ்டரையே கேட்டுச் சொல்கிறது. ‘ரிகர்சிவ்’ சேர்த்தால் புலங்கள் முழுவதும் அடுக்கடுக்காக வந்து நிற்கும்.

மற்றவை, நினைவுக்கு வந்த வரிசையில்:

- பெர்சிஸ்டன்ட் வால்யூம் (நிலையான சேமிப்பிடம்), நெட்வொர்க் பாலிசி (யார் யாரோடு பேசலாம் என்ற விதி) இரண்டின் வரையறைகளையும் தட்டச்சு செய்யாதீர்கள். ஆவணத்திலிருந்து எடுத்து ஒட்டி மாற்றுங்கள்.
- சொந்தப் புத்தகக்குறிகள் தேர்வில் கிடையாது. பக்கத் தலைப்புகளை மனதில் வைத்திருங்கள்.
- தளத்தில் நடப்புப் பதிப்போடு முந்தைய நான்கு பதிப்புகளும் இருக்கும். தேர்வு எந்தப் பதிப்பில் நடக்கிறதோ அதில் பழகுங்கள்.
- எட்சிடி (கிளஸ்டரின் தகவல்களைச் சேமிக்கும் தரவுத்தளம்) காப்புப்பிரதி. காரணம் கேட்காதீர்கள், படியுங்கள்.
- காற்புள்ளி திருத்தங்களை மட்டும் வரிசையாக அனுப்பிப் பராமரிப்பாளர்களின் பொறுமையைச் சோதிக்காதீர்கள். அவர்கள் ஆண்டுக்கு மூன்று வெளியீடுகளுக்கு ஆவணம் தயாரிக்கிறவர்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: புதியவர்களுக்கென்று முத்திரை குத்திய வேலைகளில் கூட்டம் மொய்க்கும், அங்கே போகாதீர்கள். ஆவணப் பிழை பற்றிப் பதிவாகி 90 நாள் யாரும் தொடாத புகாருக்குத் தானியங்கி நிரல் ‘ஸ்டேல்’ (பழையது) என்று முத்திரை குத்துகிறது. மேலும் 30 நாள் போனால் ‘ராட்டன்’ (அழுகியது), அதன்பின் இன்னொரு 30 நாளில் மூடிவிடுகிறது. மூடப்பட்டதால் பிழை தீர்ந்துவிட்டது என்று பொருளல்ல. அப்படி மூடப்பட்ட புகார்களில் தேர்வுப் பாடத்தோடு தொடர்புள்ளவற்றைத் தேடி எடுத்து, நடப்புப் பதிப்பில் இன்னும் அந்தப் பிழை இருக்கிறதா என்று இயக்கிப் பாருங்கள். விடையில்லாத மாதிரி வினாக்கள் அங்கே இலவசமாகக் குவிந்து கிடக்கின்றன.