பெட்டிக்குள் இருந்தால் இன்னா, ஒன்னா?

ஆங்கிலத் தாளில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ட்ராக்டரில் போனதைச் சொல்லும் வசனம், நடுவில் முன்னிடைச்சொல்லுக்கு இடைவெளி. விடைக்குறிப்பில் 'ஒன்' (on). பிள்ளை எழுதியது 'இன்' (in). புள்ளி வெட்டப்பட்டது. "சேர், நாங்கள் பெட்டிக்குள்ளதானே இருந்து போனனாங்கள்?" என்ற கேள்வி மட்டும் விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் குறுக்கே வருகிறது.

வெட்டியதற்கு நியாயம் உண்டு. ட்ராக்டர் என்றால் இஞ்சின், ஸ்டியரிங், சாரதி ஆசனம், அவ்வளவுதான். சைக்கிளைப் போல அதற்கு மேலேதான் ஏறி இருக்கிறோம். மட்காட்டில் தொற்றிக்கொண்டு போனாலும் ஒன்தான். பின்னால் கொழுவிய பெட்டி ட்ரெய்லர். அதற்குள் இருந்தால்தான் இன். ஆனால் விசுவமடுவில் ஒரு குடும்பம் ட்ராக்டரில் கோயிலுக்குப் போனது என்றால், பெட்டியைக் கழற்றிவிட்டா நினைப்பார்கள்? அத்தனை பேரும் மட்காட்டிலா இருப்பார்கள்? அப்படிப் பார்த்தால் கோணல் கேள்வியில்தான்.

வகுப்பில் கொடுக்கும் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். எழும்பி நடக்க இடமிருந்தால் ஒன்: பஸ், யாழ்தேவி ரயில், கப்பல், விமானம். குனிந்து ஏறி, இருந்தபடியே போவதென்றால் இன்: கார், வான், ஓட்டோ, சின்ன வள்ளம். ஏறி இறங்குவதும் அதே வழி: பஸ்ஸுக்கு கெட் ஒன், கெட் ஓஃப், காருக்கு கெட் இன்டு, கெட் அவுட் ஒஃப். பரந்தன் சந்தியில் மினி பஸ் ஏறியதும் சூத்திரம் உடைந்துவிடும். உயரமானவர் கழுத்தை மடித்துத்தான் நிற்க வேண்டும், இருந்தும் ஒன். காசு கொடுத்துப் பலரும் ஏறி இறங்கும் பொதுச்சேவை என்பதுதான் அங்கே கணக்கு, கூரையின் உயரமல்ல. உள்ளே என்பதை அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் 'இன் த பஸ்'ஸும் பிழையில்லை. இதைச் சொன்னால் பிள்ளைகள் குழம்பும். சொல்லாவிட்டால் சரியான விடையைச் சிவப்பால் கீறுவோம்.

அதிகம் புள்ளி போகும் இடம் 'பை' (by). 'பை கார்' சரி, 'பை மை அங்கிள்ஸ் கார்' பிழை. கார், பஸ் என்ற வெறும் பெயரோடுதான் பை நிற்கும்; 'த', 'மை' நுழைந்தால் இன்னுக்கோ ஒன்னுக்கோ மாற வேண்டும். நடந்து போனால் 'ஒன் ஃபுட்'.

ஆசனங்களிலும் இதே கரைச்சல். கதிரை, ஸ்டூல், வாங்கு எல்லாம் ஒன். கைவைத்து ஆளை அணைக்கும் ஆர்ம்செயார் இன். சோபாவுக்கும் கை உண்டு, ஆனால் ஒன்! பலர் இருக்கும் நீளம் என்று காரணம் சொல்லலாம். அது பிறகு பொருத்திக் கட்டியதாகத்தான் படுகிறது. காரின் முன் ஆசனம் 'இன் த ஃப்ரன்ட் சீட்'. பின் ஆசனத்துக்கு இன், ஒன் இரண்டும் வழக்கில் உண்டு. மேசையில் சாப்பிட இருப்பவர் 'அட் த டேபிள்'; ஒன் போட்டால் மேசைமேல் ஏறிவிடுவார்.

அடுத்த தவணைத் தாளில் ட்ரெய்லர் என்றே போட்டால் சிக்கல் தீரும் என்பது சக ஆசிரியர் ஒருவரின் யோசனை. பெட்டியில் நெல்மூட்டை ஏற்றி, அதற்கு மேலே இருந்து வருகிற பிள்ளை எதை எழுதும் என்று கேட்டதற்கு அவரிடம் பதிலில்லை.