தப்பு அடிக்க ஆளில்லாத காலை

நம் கல்லூரிப் பழைய மாணவர் மலர்க்குழுவிலிருந்து அழைத்த தம்பி, "அக்கா, சொந்தமாக உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறீர்களே, அதற்கான உந்துதல் எங்கிருந்து வந்தது? இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள்" என்றார். லண்டனில் அவருக்கு நடு இரவு, இலங்கை மலையகத்து ஹட்டனில் எனக்கு விடிகாலை. ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் பனியில் இறுகிப்போன பூட்டு. என்னிடம் அந்த நேரத்தில் உந்துதல் ஒன்றும் இல்லை. பூட்டின் மேல் கோபம்தான் இருந்தது. சரி, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அம்மாயி காலத்தில் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், இருந்த ஆட்களை எழுப்பத் தப்பு மேளம் அடிப்பார்களாம். இருட்டோடு அந்தச் சத்தம் கேட்டால், வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். அம்மா காலத்தில் தப்பு போய்விட்டது, பெரட்டு மிஞ்சியது. எனக்கு நம் கல்லூரி மணி. மணி என்ன மணி, மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு! அதை இரும்புக் கம்பியால் அடிக்கும்போது நான் இன்னும் மேட்டில் பாதிதான் ஏறியிருப்பேன். மூன்று தலைமுறையாக யாரோ அடித்து எழுப்பியே பழகிய குடும்பம் எங்களுடையது. சொந்தத் தொழில் தொடங்கியபோது பணத்தை விட இதுதான் என்னை உலுக்கியது. அடிக்க ஆளில்லை.

என் வகுப்பினருக்கு எங்கள் விளையாட்டு ஆசிரியர் விசில் சேரை நினைவிருக்கும். அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதினால் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரியாது. மரதன் ஓட்டப் பயிற்சிக்கு மல்லியப்புச் சந்தி வரை ஓடித் திரும்பச் சொல்வார். கூதலில் மூக்கு ஒழுக, பாதிப் பேர் வெறுங்காலோடு ஓடுவோம். அவர் ஒருநாளும் உற்சாகமாக இரண்டு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கடைசியாக வருபவர் வரும்வரை நிறுத்தற்கடிகாரத்தோடு நிற்பார். முதலாவதாக வந்தவருக்கு எப்படியோ அப்படியே கடைசியாக வந்தவருக்கும் சீ.ஆர். கொப்பி என்ற தடித்த குறிப்பேட்டில் நேரம் எழுதுவார். இல்ல விளையாட்டுப் போட்டியில் 1500 மீற்றரில் நான் ஒருமுறையும் பரிசு மேடை ஏறவில்லை. ஆனால் 7 நிமிடம் 10 வினாடியில் தொடங்கி 6 நிமிடம் 31 வினாடிக்கு வந்தேன். அந்த 39 வினாடியை நான் யாருக்கும் காட்டவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, சேருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு கொழும்பு. ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் வரவேற்பாளராகச் சேர்ந்து, சான்றிதழ் படிப்பு முடித்துப் பயிற்சியாளர் ஆனேன். சம்பளம் மோசமில்லை. ஆனால் மாதத்துக்கு இத்தனை தனிப்பயிற்சிப் பொதிகள் விற்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். அம்மாவுக்குக் கொழுந்து எடுப்பதில் கிலோ கணக்கு. குறைந்தால் அரைப்பேர்தான், பாதி நாள் கூலி. எனக்குப் பொதிக் கணக்கு. மலையிலிருந்து தப்பி வந்தும் தராசு என் பின்னாலேயே வந்தது போலிருந்தது. வந்த புதிதில் மாலைதோறும் கடலோரக் காலிமுகத்திடலில் ஓடியவள், ஒரு வருடத்தில் சப்பாத்தைத் தொடுவதையே விட்டுவிட்டேன்.

காரணம் படிப்பில் கிடைத்தது. 1971இல் எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வு வெளியிட்டார். மாணவர்களுக்குத் துண்டுகளைப் பொருத்தும் புதிர்களைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு மட்டும் இடையில் ஒரு தடவை, தீர்த்த புதிருக்கு ஒரு டொலர் வீதம் காசு கொடுத்து, அடுத்த முறை நிறுத்திவிட்டார். சும்மா இருக்கும் நேரத்தில் அந்தக் குழு முன்னைவிடக் குறைவாகவே புதிரைத் தொட்டது. பின்னர் அவரும் ரிச்சர்ட் ரயனும் சேர்ந்து, நம் ஆர்வம் உயிரோடிருக்க மூன்று வேண்டும் என்றார்கள்: நானே தேர்ந்தது என்ற எண்ணம், கைவருகிறது என்ற உணர்வு, கூட மனிதர்கள். படித்தபோது, விசில் சேர் கொப்பியில் எழுதியது இந்த இரண்டாவதைத்தான் என்று சிரித்துக்கொண்டேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. நிலையம் மூடியது, நான் தோட்டத்துக்குத் திரும்பினேன். 2022 ஜனவரியில் ஹட்டன் நகரில் ஒரு கடைக்கு மேல் அறை எடுத்தேன். பத்துப் பாய்கள், சில இழுவைப் பட்டிகள், மணல் நிரப்பிய போத்தல்கள். நாள் பார்க்கத் தெரியாதவள் என்று நீங்கள் சிரிக்கலாம். நாட்டில் பொருளாதார நெருக்கடி, மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு. என்னிடம் மின்சாரத்தில் ஓடும் கருவி ஒன்றும் இல்லை, அதனால் நட்டமில்லை. ஆனால் எரிவாயு வரிசையில் நிற்பவர் குந்தி எழும்பவா வருவார்? முதல்நாள் வந்தது மூன்று பேர், அதில் ஒருத்தி சித்தி மகள். ஒரு வாரம் முழுக்க ஒருவரும் வரவில்லை. "மலை ஏறி இறங்கும் சனத்துக்கு உடற்பயிற்சி எதற்கு?" என்று கீழே கடைக்காரர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான், ஆனால் கேட்டவரே அரை மைலுக்கு முச்சக்கரவண்டி பிடிப்பவர்.

எட்டாம் நாள் எழும்பவில்லை. போர்வைக்குள் கிடந்தபடி தொலைபேசியில் உற்சாகப் பேச்சுக் காணொளிகளைப் பார்த்தேன். சிங்கம் கர்ச்சித்தது, எரிமலை வெடித்தது, ஒருவர் ஆங்கிலத்தில் கத்தினார். பத்துக் காணொளி முடிந்தும் என் கால் தரையில் படவில்லை.

அன்று பின்னேரம்தான் அம்மாவைச் சரியாகப் பார்த்தேன். மலையிலிருந்து வந்து, கொழுந்துக் கறை படிந்த கையோடு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, லயத்துக்குப் பின்னால் இருக்கும் மரக்கறிப் பாத்திக்குப் போனார். கரட், லீக்ஸ், ஓரமாகப் போஞ்சி. மொத்தமும் ஒரு வகுப்பறை அளவுகூட வராது. எட்டு மணிநேரம் நின்ற கால்கள். இருட்டிய பிறகும் டோர்ச் வெளிச்சத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். சின்ன வயதிலிருந்து பார்க்கும் காட்சிதான், ஆனால் இதுவரை கேட்கத் தோன்றவில்லை. "அலுப்பாக இல்லையா அம்மா?" என்றேன். நிமிராமலே, "இதை யார் நிறுக்கப் போகிறார்கள், பாப்பா?" என்றார்.

மறுநாளிலிருந்து ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஐந்தரைக்கு ஷட்டரைத் திறந்தேன். வாடகையை மறந்துவிட்டு, என் பயிற்சியை நான் செய்தேன். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி விசில் சேர் மாதிரியே எழுதினேன்: இத்தனை தடவை, இத்தனை வினாடி. முதல் பக்கம் முழுக்க என் பெயர் மட்டும்தான். இதனால் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடன் இருந்தது, அழுகையும் இருந்தது. ஆனால் எழும்புவது மட்டும் சண்டையாக இல்லாமல் போனது.

ஆட்களைக் கொண்டுவந்தது யாத்திரை மலையான சிவனொளிபாதமலை. மார்கழிப் போயாவில், அதாவது பௌர்ணமியில், யாத்திரைப் பருவம் தொடங்கும் முன், ஒரு வங்கிக் கிளையிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். நல்லதண்ணிப் பக்கமாக 5000க்கும் மேற்பட்ட படிகள், ஏறக்குறைய 1000 மீற்றர் உயரம் ஏற வேண்டும். எல்லோரும் ஏறுவதற்குத்தான் பயிற்சி கேட்பார்கள். நான் இறங்கப் பழக்கினேன். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே உடம்பின் பாரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நோவு மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் முழுதாகத் தெரியும். திங்கட்கிழமை வங்கிக் கதிரையில் உட்கார முடியாமல் தவிப்பவர்கள் இறங்கப் பழகாதவர்கள். ஒரு படிக்கட்டு, ஒரு கால், மெதுவாக மூன்று எண்ணி இறக்கு: இதை ஆறு வாரம் செய்தோம். போய் வந்த பிறகு, "நடக்க முடிகிறது!" என்று ஏதோ அதிசயம்போல் ஒருவர் தொலைபேசியில் கத்தினார். அவர்கள் வாயால்தான் வகுப்பு வளர்ந்தது.

இப்போது காலை வகுப்பில் ஆசிரியைகள், தாதியர், கடைப் பிள்ளைகள், சீனி வருத்தம் என்று வைத்தியர் அனுப்பிய பெரியவர்கள் இருக்கிறார்கள். போன வருடம் கம்பளித் தொப்பியோடு ஒருவர் படியேறி வந்தார். விசில் சேர். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. சேருடைய முழங்காலைத் திருத்த நான் யார்? முதல் வாரம் அவர் பிழையாகக் குந்தியதைப் பார்த்தும் பேசாமல் இருந்தேன். அவரே கூப்பிட்டு, "பிழை என்றால் சொல் பிள்ளை, காசு கொடுக்கிறேன் அல்லவா?" என்றார். இன்று அவர் பெயரும் கொப்பியில் இருக்கிறது. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புவது 30 வினாடியில் 8 தடவையிலிருந்து 12க்கு வந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை அடிக்கடி புரட்டிப் பார்க்கிறார்.

அம்மா வேலையிலிருந்து நின்றுவிட்டார், பாத்தி மட்டும் நிற்கவில்லை. நான் வீட்டுக்குப் போனதும் கரட்டைக் கழுவிக்கொண்டே கேட்பார், "இன்றைக்கு எத்தனை பேர்?"

"பதினோரு பேர், ஓர் அரைப்பேர்."

"அரைப்பேர் யார்?"

"விசில் சேர்தான் அம்மா. முழங்கால் நோகிறதென்று பாதியில் போய்விட்டார்."