பனிச்செயின்: இறுக்கம் சரியாக இருந்தால் பாதிக் கவலை இல்லை

பனிச்சாலையில் சறுக்காமலிருக்க டயரைச் சுற்றிக் கட்டும் செயின் அறுந்துவிட்டது என்றால் பலரும் செயினைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு: தொளதொளவென்று கட்டியிருப்பார்கள், அல்லது பனியில்லாத வெறும் சாலையில் ஓட்டியிருப்பார்கள்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் பாருங்கள். 205/55 ஆர்16 என்றால், செயின் பெட்டியின் பட்டியலிலும் அதே எண் இருக்க வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்துவது போதாது. வண்டியின் கையேட்டையும் படியுங்கள். டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே இடம் குறைவான கார்களில் தடித்த கண்ணி உரசி, பிரேக் ஹோஸைக்கூடக் கிழித்துவிடும். அவற்றுக்கு மெல்லிய கண்ணியோ கேபிள் வகையோ வேண்டும். சில டயர் அளவுகளுக்குச் செயினே கூடாது என்றிருக்கும்; அதை மீறவே கூடாது.

என்ஜின் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறதோ அவற்றுக்குத்தான் செயின். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிக்குக் கையேடு சொல்வதே கணக்கு. முன்சக்கரங்களில் மட்டும் கட்டிய காரில், இறக்கத்தில் சட்டென்று பிரேக் அடித்தால் முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் சறுக்கிச் சுழன்றுவிடும். கையேடு அனுமதித்தால் நான்கிலும் போடுவதே நல்லது.

ஏற்றத்தில் சிக்கியபின் கட்டுவது பெரும்பாடு. அதற்கு முன்பே, சமதளத்தில், போக்குவரத்தை விட்டு ஒதுங்கி நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுங்கள். செயினைத் தரையில் விரித்து முறுக்கை எடுங்கள். ஒரு கண்ணி முறுகியிருந்தாலும் பிறகு இறுகாது. உட்பக்கம் வளையும் கேபிள் வளையம் உள்ள வகையில், அந்த வளையத்தை டயருக்குப் பின்னால் நுழைத்து, மேலே இரு முனையையும் மாட்டி, உட்பக்கமாகத் தள்ளுங்கள். பிறகு வெளிப்பக்கக் கொக்கி. கடைசியாக, இறுக்கும் செயினைப் பூட்டு வழியே இழுத்து, மிச்ச முனை தொங்காதபடி மாட்டுங்கள். உள்பக்கம் சரியாக உட்காராமல் வெளியே எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. டயரில் காற்றை இறக்கிக் கட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துக் கிளம்புபவர்கள்தான் அதிகம். ஐம்பது, நூறு மீட்டர் உருட்டியதும் கண்ணிகள் தம் இடத்தில் படிந்து தளர்வு தெரியும். இறங்கி மறுபடி இறுக்குங்கள். தானாக இறுகும் வகையையும் இறங்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள். தளர்ந்த செயின் சுழலும் வேகத்தில் வெளியே வீசி சக்கரத்துக்கு மேலுள்ள வீல் ஆர்ச்சை அடிக்கும், பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் வயரை அறுக்கும். டக் டக் என்று சத்தம் கேட்டால் அப்போதே நிறுத்துங்கள்.

வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம்; கையேடு குறைவாகச் சொன்னால் அதுதான் எல்லை. கிளம்பும்போது சக்கரம் வெறுமனே சுற்றினால் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் திடீரெனத் தரையைப் பிடிக்கும் அந்த நொடியில்தான் கண்ணி அறும். சக்கரம் வெறுமனே சுற்றாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் என்ஜினை அடக்கி நகரவிடாமல் செய்தால், கையேடு அனுமதிக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் அணைத்துக்கொள்ளலாம்.

வெறும் சாலை வந்ததும் கழற்றிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து வையுங்கள். சாலையில் தூவிய உப்பு இரும்பைத் தின்றுவிடும். தேய்ந்து மெலிந்த கண்ணி இருந்தால் அடுத்த குளிர்காலத்துக்கு முன்பே மாற்றுங்கள். கையுறை, நெற்றி விளக்கு, முழங்காலுக்கடியில் போட ஒரு விரிப்பு, மூன்றும் செயின் பையிலேயே இருக்கட்டும்.