மெதூசாவின் சாப்பாட்டு மேசை

டிஸ்னி பிளஸ்ஸில் 2023 டிசம்பரில் தொடங்கிய, கிரேக்கப் புராணத்தை வைத்து எடுத்த பெர்சி ஜாக்சன் தொடரை மகளோடு மறுபடியும் பார்க்கிறேன். மெதூசா வரும் 3ஆம் எபிசோடைத் தாண்டவே மனம் வரவில்லை.

மெதூசா என்றால் தலை நிறையப் பாம்பு, பார்த்தவர் கல்லாவார், அவ்வளவுதான் பலருக்குத் தெரியும். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன கதை கொடியது. கோயிலுக்குள்ளேயே கடல் தேவன் அவளைச் சீரழிக்கிறான். அந்தக் கோயிலின் தேவி சபித்தது அவளை.

தொடரில் அவள் முகத்தை மறைத்துக்கொண்டு வந்து பெர்சி, அனபெத், குரோவர் என்ற மூன்று பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். பெர்சி அந்தக் கடல் தேவனின் மகன். அனபெத் அந்தத் தேவி அதீனாவின் மகள்! அவர்களோடு மேசையில் உட்கார்ந்து நிதானமாகத் தன் கதையைச் சொல்கிறாள். வெளியே தோட்டமெல்லாம் கற்சிலைகள், அதில் ஒன்று குரோவரின் மாமா.

சிறுவர்களும் பார்ப்பதால் வன்முறையை எடுத்துவிட்டு, கடல் தேவன் அவளைக் காதலிப்பதாகச் சொன்னான் என்று மாற்றியிருக்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் தண்டனை அவளுக்கு மட்டும் என்பதை மழுப்பவில்லை. அப்புறம் மகள் படத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அந்தக் கடல் சாமிக்கு ஒண்ணுமே இல்லையாம்மா?"